வடிவாய்க்காலில் மீத்தேன்: நெதர்லாந்தின் தாழ்நிலப் பண்ணைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், ரோட்டர்டாம் ஆகிய மூன்று நகரங்களுக்கு நடுவே கிடக்கும் பால்பண்ணை நிலங்களைப் பற்றி. நாடா போல் நீண்ட புல்வெளிகள், ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் வாய்க்கால், கருப்பு வெள்ளை மாடுகள். சுற்றுலா விளம்பரங்களில் வருகிற அதே காட்சிதான். அங்கே அடியில் இருப்பது பீட் மண். நாணலும் பாசியும் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் கிடந்து, காற்றுப் படாததால் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. கையில் எடுத்துப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் நீர் வடியும். சில கட்டிகளில் நாணல் தண்டுகூட அடையாளம் தெரியும்.

பதினோராம் நூற்றாண்டு வாக்கில் மக்கள் இந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து விவசாயம் தொடங்கினார்கள். வடிந்த மண் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்திலிருந்து தண்ணீர் தானாக வடியவில்லை. ஆகவே 15ஆம் நூற்றாண்டு முதல் காற்றாலைகளை வைத்து இறைத்தார்கள், பிறகு நீராவி எஞ்சின், இன்று மின்சாரப் பம்பு. கின்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகள் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தண்ணீர் இறைக்கக் கட்டப்பட்டவை. இப்போது நாட்டின் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நாட்டிலுள்ள வாய்க்கால்களின் மொத்த நீளம் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல்.

நிலம் ஏன் தாழ்கிறது? தண்ணீர் போனதால் மண் இறுகிவிடுகிறதா?

முதல் சில ஆண்டுகளில் அதுதான் காரணம். அதன் பிறகு நடப்பது வேறு: மண்ணே காற்றில் கரைந்து போகிறது. தண்ணீர் விலகிய இடத்தில் ஆக்சிஜன் நுழைகிறது. அதுவரை பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் பீட்டைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், மோசமான இடங்களில் ஒரு சென்டிமீட்டர் வரை நிலமட்டம் இறங்குகிறது. தூண் அடித்துக் கட்டிய வீடு அப்படியே நிற்க, முற்றமும் தோட்டமும் கீழே போகின்றன. வாசற்படிக்குக் கீழே இன்னொரு படி வைக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ஹோம் ஃபென் பகுதியில் 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தரைக்குள் இறக்கி, அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி விட்டார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேலே ஏறக்குறைய நான்கு மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் எழும்பவில்லை. நான்கு மீட்டர் மண் இல்லாமல் போயிருக்கிறது.

சதுப்பு நிலம்தானே மீத்தேனை வெளியிடும்? வடித்துவிட்டால் அது நின்றுவிடாதா?

வயலில் பெரும்பாலும் நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மட்டுமே மீத்தேன் உருவாகும். வயலின் மேல்மண் காய்ந்தால், அடியிலிருந்து மேலேறும் கொஞ்சநஞ்ச மீத்தேனையும் மேல்மண்ணில் இருக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

இந்த நல்ல செய்தியை நம்பித்தான் நெடுங்காலம் கணக்கெழுதினார்கள். விட்டுப்போனது வாய்க்கால். வயலிலிருந்து வெளியேற்றிய ஈரம், கழுவி வந்த சாணச் சத்து, உரச் சத்து, கரைந்த கரிமம், சரிந்து விழுந்த கரைமண், மடிந்த நீர்ச்செடிகள் எல்லாம் சேருமிடம் அதுதான். தண்ணீர் நகர்வதே தெரியாது. ஆழம் பல இடங்களில் முழங்காலைத் தாண்டாது; கோடையில் சீக்கிரம் சூடாகிவிடும். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கேட்பது இவ்வளவுதான். சதுப்பை அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதைக் கோடு கோடாக வெட்டிப் பரப்பிவைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

குமிழி வருகிறதே, அதுதான் மீத்தேனா?

பெரும்பாலும் அதுதான். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து, அது எரியும் வாயு என்று காட்டினார். பின்னால் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். வாய்க்காலில் ஒரு மூங்கிலை ஊன்றிப் பார்த்தால் யாருக்கும் அது தெரியும்.

மீத்தேன் தண்ணீரில் எளிதில் கரையாது. சேற்றில் அது சேரச் சேரக் குமிழியாகத் திரண்டு, காற்றழுத்தம் குறையும்போதோ மாடு கரையில் கால் வைக்கும்போதோ விடுபட்டு மேலேறும். தண்ணீரில் கரைந்து மெல்ல மேலே வரும் மீத்தேனில் ஒரு பகுதியை வழியிலேயே நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குமிழியாக வருவது அந்தச் சுங்கச்சாவடியில் நிற்பதில்லை. ஆழம் குறைந்த வாய்க்காலில் குமிழி கடக்க வேண்டிய தூரமே ஒன்றிரண்டு சாண்தான். மூன்றாவது வழியும் உண்டு: நாணல், சம்பு போன்ற செடிகளின் உட்துளை கொண்ட தண்டுகள். வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும் அதே குழாய் வழியே மீத்தேன் வெளியேறுகிறது.

அளவு எவ்வளவு? எண்ணைச் சொல்லுங்கள்.

ஐபிசிசி என்ற பன்னாட்டுக் காலநிலைக் குழு, ஈரநிலங்களுக்கென 2013இல் வகுத்த கணக்குமுறையில் வடிவாய்க்காலுக்குத் தனி எண் கொடுத்தது. மிதவெப்ப மண்டலத்தில் ஆழமாக வடித்த பீட் புல்வெளி என்றால், வாய்க்கால் பரப்பில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,165 கிலோ மீத்தேன். ஆழம் குறைவாக வடித்ததென்றால் 527 கிலோ. சத்து மிகுந்த, ஆழமாக வடித்த புல்தரைக்கோ ஒரு ஹெக்டேருக்கு 16 கிலோ மட்டுமே.

ஒரு ஹெக்டேர் பண்ணையில் நூற்றில் ஐந்து பங்கு வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குமுறையும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. வாய்க்காலின் பங்கு 58 கிலோ, மீதி 95 பங்கு நிலமும் சேர்ந்து 15 கிலோ. ஐந்து சதவீத இடத்திலிருந்து ஐந்தில் நான்கு பங்கு மீத்தேன். மேற்கு நெதர்லாந்தில் வாய்க்கால்கள் நெருக்கமானவை. சில போல்டர்களில், அதாவது கரை கட்டி நீர் இறைக்கும் பகுதிகளில், பதினைந்து சதவீதம்கூடத் திறந்த நீர்தான். அப்போது இதே எண்ணைப் போட்டால் 175 கிலோ. ரேவைக் என்ற ஊரை ஒட்டிய பண்ணைகளில் நேரடியாக அளந்தபோதும், அங்கு வெளியேறும் மீத்தேனில் பாதிக்கும் மேல் வாய்க்காலிலும் அதன் நனைந்த ஓரங்களிலும் இருந்தே வந்தது.

உலக அளவில் வடிவாய்க்கால்களும் கால்வாய்களும் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்று 2021இல் ஒரு மதிப்பீடு வந்தது. மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் அது 0.2 முதல் 3 சதவீதம் வரை இருக்கலாம் என்றார்கள். இந்த இடைவெளியின் அகலமே எவ்வளவு குறைவாக அளந்திருக்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் பெரிய குற்றவாளி வாய்க்கால்தானா?

இல்லை. இந்தத் தவறான முடிவுக்குத்தான் பலர் தாவிவிடுகிறார்கள். அதே ஒரு ஹெக்டேர் நிலத்தில் பீட் மட்கிப்போவதால் ஆண்டுக்குச் சுமார் 22 டன் கரியமில வாயு வெளியேறுவதாக அதே கணக்குமுறை சொல்கிறது. வாய்க்காலின் 58 கிலோ மீத்தேனை நூறாண்டுக் கணக்கில், அதாவது நூறு ஆண்டுகளில் அது பூமியைச் சூடாக்கும் அளவை வைத்து, கரியமில வாயுவாக மாற்றினால் (ஒரு கிலோவுக்கு 27 கிலோ) 1.6 டன், இருபது ஆண்டுக் கணக்கில் (ஒரு கிலோவுக்குச் சுமார் 80) 4.6 டன். முதல் குற்றவாளி வறண்ட வயல்தான்.

ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதும் சரியில்லை. வயல் எவ்வளவு காய வேண்டும் என்பதை முடிவுசெய்வது வாய்க்காலின் நீர்மட்டம். வாய்க்காலில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் வயலில் காற்றுப்படும் பீட்டின் ஆழமும் கூடுகிறது. தன் சேற்றிலிருந்து வெளியிடுவதற்கும், பக்கத்து வயலை வெளியிட வைப்பதற்கும் ஒரே வாய்க்கால்தான் பொறுப்பு.

வாய்க்காலிலிருந்து கரியமில வாயுவும் வருமா?

வரும். வயலிலிருந்து கசிந்துவரும் நீரில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். மூடி திறந்த சோடாவைப் போல அது காற்றில் தன் பாரத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். பகலில் நீர்ச்செடிகள் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், இரவில் திருப்பிவிடும். பகலில் மட்டும் போய் அளப்பவருக்கு வாய்க்கால் நல்லபிள்ளையாகத் தெரியும்.

நைட்ரஸ் ஆக்சைடு?

நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வீரியம் கொண்டது. உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கழுவிவரும் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் படிப்படியாக உடைக்கும்போது நடுப்படியில் கசிவது. ஐபிசிசியின் 2006 கணக்கில், வயலிலிருந்து நிலத்தடி நீருக்கும் வாய்க்காலுக்கும் போகும் 100 கிலோ நைட்ரஜனில் 0.75 கிலோ இந்த வாயுவாகும் என்றிருந்தது. 2019 திருத்தத்தில் அதை 1.1 கிலோவாக உயர்த்தினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்சிஜன் அறவே இல்லாத, கரிமம் நிறைந்த பீட் வாய்க்காலில் நுண்ணுயிர்கள் நடுவில் நிற்காமல் கடைசிப் படிவரை போய்விடுகின்றன. வெளியே வருவது தீங்கற்ற நைட்ரஜன். ஆகவே மீத்தேன் அதிகமுள்ள வாய்க்காலில் நைட்ரஸ் ஆக்சைடு குறைவாக இருப்பது சகஜம். உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் களிமண் போல்டர்களில் இந்த நிலை தலைகீழாகலாம்.

கடலோரம் என்பதால் என்ன மாறுகிறது?

நிறைய மாறுகிறது. கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. சல்பேட் கிடைக்கும் இடத்தில் அதை மூச்சாகப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு மிஞ்சுவது குறைவு. அதனால்தான் உப்புச் சதுப்புகளில் மீத்தேன் மிகக் குறைவாகவும், கரை கட்டிக் கடலைத் தடுத்து மழைநீரால் நன்னீராக்கிய வாய்க்கால்களில் அதிகமாகவும் இருக்கிறது. கடலை வெளியே நிறுத்தியதற்கு இது ஒரு விலை.

முழுக்க வெளியே நிறுத்தவும் முடிவதில்லை. ஏரியை இறைத்து 1852இல் நிலமாக்கிய ஹார்லமெர்மேரில், நிலம் மிகத் தாழ்வாக இருப்பதால் உவர்நீர் அடியிலிருந்து ஊறி வாய்க்காலுக்கு வருகிறது. அதை அலசித் தள்ள நன்னீரை விட வேண்டும்.

பீட் பகுதியிலும் கோடையில் வெளியிலிருந்து தண்ணீர் விட்டாக வேண்டும், புல்லுக்காக மட்டுமல்ல, கரைகளுக்காகவும். பீட்டால் ஆன கரை காய்ந்தால் எடை குறைந்துவிடும். 2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்ற ஊரில் அப்படிக் காய்ந்த கரை நகர்ந்து, மழையே இல்லாத காலத்தில் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி உள்ளே விடும் ரைன் ஆற்று நீரிலும் சல்பேட் இருக்கிறது. மீத்தேனுக்கு அது எதிரி என்று மகிழ்ந்துவிட முடியாது. சல்பேட் சிதையும்போது உண்டாகும் சல்பைடு, சேற்றில் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அந்த இரும்பு அதுவரை பிடித்துவைத்திருந்த பாஸ்பேட் தண்ணீரில் விடுபடுகிறது. பாஸ்பேட் வந்தால் பாசி கொழிக்கும், பாசி மடிந்தால் சேறு, சேறு சேர்ந்தால் திரும்பவும் மீத்தேனுக்குத் தீனி. ஒரு முனையில் அடைத்தது இன்னொரு முனையில் பிய்த்துக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கதையே வேறு. அங்கே கடலோரச் சமவெளியின் அடிமண்ணில் இரும்புச் சல்பைடு இருக்கிறது. கரும்புக்காக வடித்ததும் அது காற்றுப்பட்டுக் கந்தக அமிலமானது. 1987இல் ட்வீட் ஆற்றில் 23 கிலோமீட்டர் நீளத்துக்கு மீன்கள் செத்தன. அங்கே வடிவாய்க்கால் என்றால் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமிலம்தான், வாயு அப்புறம்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

மிதவைகள் கட்டிய ஒரு பெட்டியைத் தண்ணீர்மேல் கவிழ்த்து வைப்பார்கள். பெட்டிக்குள்ளிருக்கும் காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே கரையிலுள்ள கருவிக்குப் போய்த் திரும்பி வரும். திரையில் மீத்தேனின் கோடு சீராக ஏறினால் அது தண்ணீரில் கரைந்திருந்து வெளியேறுவது. திடீரென்று செங்குத்தாகத் துள்ளினால் ஒரு குமிழி வந்து உடைந்திருக்கிறது. அந்தத் துள்ளல்களைப் பிழை என்று நீக்கிவிட்டுச் சீரான கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். ஒரு பெட்டி ஒரு சதுர மீட்டரைக்கூட மூடாது. அடுத்த பத்தடியில் நிலவரம் வேறு. கரையில் கனத்த காலடி பட்டாலே குமிழி எழும் என்பதால் பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்கிறார்கள்.

நிலப்பரப்பு முழுவதற்கும் சேர்த்து அளக்கக் கோபுரங்கள் உண்டு. காபவ் என்ற ஊரில் 1972இல் எழுப்பிய 213 மீட்டர் கோபுரம் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் கோபுரத்துக்கு வயலும் வாய்க்காலும் மாடும் எல்லாம் ஒன்றுதான். எது எவ்வளவு என்று பிரிக்க மீண்டும் பெட்டியிடம்தான் வர வேண்டும்.

தூர்வாரினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். மீத்தேனின் அடுப்பு சேறுதான் என்பதால், அதை எடுத்தால் வாயு குறையும் என்பதற்கு நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தில் விவசாயிகள் ஆண்டுதோறும் வாய்க்காலில் செடிகளை அகற்ற வேண்டும். இலையுதிர் காலத்தில், வட்டாரத்தின் நீர்மட்டத்தை நிர்வகிக்கும் நீர் வாரியத்தின் ஆட்கள் வந்து பார்வையிடுவார்கள். சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து வயலில் பரப்புவது வழக்கம். பரப்பிய சேறு காற்றுப்பட்டுக் கரியமில வாயுவாகப் போகும். மீத்தேனைவிட அது மேல் என்பதால் மொத்தத்தில் லாபம்தான். எடுக்கிற நாளில் சேற்றில் சிறைப்பட்ட குமிழிகள் ஒரேயடியாக வெளியேறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியம், சேறு சேர்வதைக் குறைப்பது. கரையோரத்தில் உரமும் சாணமும் போடாத ஒரு பட்டை, மாடு கரையை மிதித்துச் சரிக்காதபடி வேலி, தண்ணீரைப் பச்சைப் போர்வையாக மூடும் மிதவைச்செடிகளை அகற்றுதல். அந்தப் போர்வையின் கீழே ஆக்சிஜன் நுழையாது.

நீர்மட்டத்தை உயர்த்துவதுதான் தீர்வு என்கிறார்களே?

கரியமில வாயுவுக்கு அதுதான் தீர்வு. 2021இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வின்படி, நிலத்தடி நீரை ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் உயர்த்தும்போதும் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று டன் கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் குறையும். நீர்மட்டம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வரும்வரை இந்த விகிதம் பொருந்தும். அதற்கு மேலும் உயர்த்தித் தரையே மூழ்கினால் மீத்தேன் கிளம்பும், குறிப்பாக உரம் ஊறிய பழைய வயலில். மூழ்கடிக்காமல் நனைத்து வைப்பதில்தான் திறமை இருக்கிறது. வயலுக்கடியில் துளைக் குழாய்களைப் பதித்து, கோடையில் வாய்க்கால் தண்ணீரை வயலின் நடுப்பகுதிவரை கொண்டுபோகும் முறையும் சோதனையில் இருக்கிறது.

2019இல் கையெழுத்தான நெதர்லாந்துக் காலநிலை ஒப்பந்தம், பீட் புல்வெளிகளிலிருந்து வரும் வெளியேற்றத்தை 2030க்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் குறைக்க இலக்கு வைத்தது.

விவசாயிகள் ஏன் தயங்குகிறார்கள்?

தயங்காமல் என்ன செய்வார்கள்? மார்ச் மாதத்தில் நனைந்த பீட்டில் டிராக்டரை இறக்கினால் சக்கரம் புதையும். மாட்டை விட்டால் புல் சேறாகும். பால்பண்ணையின் வரவுசெலவே முதல் புல்லறுப்பை எப்போது செய்ய முடிகிறது என்பதில் இருக்கிறது. தவிர, ஒருவர் தனக்கு மட்டும் நீர்மட்டத்தை உயர்த்திக்கொள்ளவும் முடியாது. ஒரே வாய்க்கால் பல பண்ணைகளுக்கும் பொது, மட்டத்தை முடிவுசெய்வது நீர் வாரியம். ஊருக்குள் இருப்பவர்களுக்கோ நேர் எதிர்க் கவலை: நீர் இறங்கினால் வீட்டடி மரத்தூண்களின் தலைப்பகுதி காற்றுப்பட்டு அழுகும். வாரியக் கூட்டத்தில் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்.

சம்பு பயிரிட்டு வீட்டுச் சுவருக்கு வெப்பத்தடுப்புப் பலகை செய்யலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் பாலை வாங்க லாரி தினமும் வாசலுக்கு வருகிறது. சம்பை வாங்க அப்படி யாரும் வருவதில்லை. சந்தை இல்லாத பயிரை நடச் சொல்லிவிட்டு விவசாயியைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமல்ல.

இந்த எண்களை நம் பக்கத்து வாய்க்கால்களுக்குப் பயன்படுத்தலாமா?

1,165 என்ற எண்ணைத் தூக்கிவந்து காவிரிப் படுகையின் வடிகாலில் போடக் கூடாது. அது குளிர்நாட்டுப் பீட் புல்வெளிக்கு உரியது. பீட் அல்லாத மண்ணில் ஓடும் வாய்க்கால்களுக்கு ஐபிசிசி 2019இல் கொடுத்த பொது எண் 416 கிலோ. வெப்பமண்டலப் பீட்டை வடித்த வாய்க்கால்களுக்கு 2,259. இரண்டாவது எண் இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் கடலோரச் செம்பனைத் தோட்டங்களுக்குப் பொருந்தும்.

நமக்கு அருகில் ஒப்பிடத் தகுந்த இடம் கேரளத்தின் குட்டநாடு. அதுவும் கடல்மட்டத்துக்குக் கீழே, கரை கட்டி, நீரை இறைத்துவிட்டுச் செய்யும் விவசாயம், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் அதை உலக வேளாண் பாரம்பரிய அமைப்பாக ஏற்றது. அங்குள்ள ‘கரி’ எனப்படும் கருமண் நிலங்களில் புதைந்த மரக்கழிவும் உண்டு, ஆஸ்திரேலியாவைப் போல அமிலமும் உண்டு. தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் உப்புநீரை வெளியே நிறுத்துகிறது. அப்படியானால் சல்பேட்டும் குறைவாகத்தான் உள்ளே வரும். ஆனால் அங்கே விளைவது நெல். பயிர்க்காலத்தில் வயலிலேயே தண்ணீர் நிற்கும், வயலே மீத்தேன் விடும். வாய்க்காலின் பங்கை வயலோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால், நீர் இறைக்கும் நாள், நாற்று நிற்கும் நாள், அறுவடைக்குப் பின் மீண்டும் வெள்ளம் புகவிடும் நாள் என மூன்று கட்டத்திலும் மிதவைப் பெட்டியை அங்கேயே வைத்து அளக்க வேண்டும்.